சைன் தீட்டா எழுதுவது

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள வார்டனம்மா,

நீ ஓய்வு பெற்று நாலு வருஷமானாலும் எனக்கு நீ வார்டனம்மாதான். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பிய அச்சு முறுக்கு ஒரே வாரத்தில் தீர்ந்தது. டப்பாவும் உனக்கு எழுத வேண்டிய பதிலும் மட்டும் இங்கேயே கிடக்கின்றன. திட்ட வேண்டுமென்றால் போனில் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, கோபம் இறங்கவில்லை. கண்ணாடிக்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அதே மூக்கு, பாவம் பிள்ளை.

எங்கள் கோவிலில் வாலிபப் பிள்ளைகளுக்கு மென்டரிங் ஆரம்பித்திருக்கிறோம். பொறுப்பு யாருக்கு என்று கேட்காதே, வாயைத் திறந்தவள் தலையில்தானே கட்டுவார்கள்! போன வருஷம் 14 பிள்ளைகள் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு உறுப்பினர் ஆனார்கள். வெள்ளை உடுப்பு, பிஷப்போடு போட்டோ, வீட்டில் பிரியாணி. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், 3 பேர். மற்றவர்களை இனி கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போதுதான் பார்ப்போம் போலிருக்கிறது என்று கமிட்டியில் சொன்னேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஒரு பிள்ளைக்கு ஒரு மூத்தவர், மாதம் இரண்டு தடவை ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், ஒரு வருஷத்துக்கு. பெயர் வைக்கவே இரண்டு கூட்டம் போயிற்று. ‘வழிகாட்டி’ என்றால் நாலுவழிச் சாலைப் பலகை மாதிரி இருக்கிறதாம். அப்புறம் வந்தது பெரிய சண்டை. கமிட்டியில் இருக்கும் வக்கீல் 2012 போக்சோ சட்டத்தை எடுத்து வைத்தார். 18 வயது ஆகாதவர் சட்டத்துக்குக் குழந்தை. பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தது தெரிந்தால் கோவில் மானம் பார்க்காமல் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். பெற்றோர் கையெழுத்து, மூடிய அறை கூடாது, ராத்திரி வாட்ஸ்அப் கூடாது என்று நிபந்தனைகளும் போட்டார். உடனே ஒரு பெரியவர் எழுந்து, “அம்பது வருஷமா இந்தக் கோவில்ல இருக்கேன், என்னையே சந்தேகப்படுதியளா?” என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வக்கீல் பக்கமே கை தூக்கினேன். விடுதியில் நீ பார்த்ததையெல்லாம் கேட்டவள் நான். இப்போது சந்திப்பெல்லாம் வேப்பமரத்தடியில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில். காக்கை எச்சம் இலவசம்.

தொடக்க நாளில் எங்கள் சேகரத்துப் போதகர் ஐயர், அசரியா பிஷப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் நம்ம வெள்ளாளன்விளைக்காரர் மிஷனரிகள் முகத்துக்கு நேரே, எல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டாரே, அதுதான். வெள்ளைக்காரர் நம்மவர்களை எட்ட நிறுத்தியதைப் பற்றிய பேச்சு அது. எனக்கு என்னவோ எங்கள் கமிட்டிக்குச் சொன்னது போலவே கேட்டது. வேதாகமப் பரிசு கொடுக்கிறோம், கஷ்டப்பட்ட பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறோம். அது என்ன படிக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு வாய்த்தவள் 19 வயது இன்ஜினியரிங் மாணவி. முதல் நாள் வேதாகமத்துத் தீமோத்தேயு, அவன் பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று நாலு பக்கம் குறிப்போடு போனேன். முப்பது வருஷம் கணக்கு வாத்திச்சி, பழக்கம் போகுமா? “சரி ஆன்ட்டி” என்று 17 தடவை சொன்னாள், எண்ணினேன். மூன்றாம் சந்திப்புக்குக் குறிப்பை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பேச ஒன்றுமில்லாமல், நான் ட்ரிகனாமெட்ரியில் பெயிலாகி, வீட்டுக்குத் தெரியாமல் உன் வளையலை அடகு வைத்துப் பரீட்சைப் பணம் கட்டினோமே, அதைச் சொன்னேன். அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எனக்கு 5 அரியர் ஆன்ட்டி. வீட்ல தெரியாது” என்றாள்.

ஏட்டி, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் அம்மா பெண்கள் ஐக்கியத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள். “எம்மவ ஒங்ககிட்ட என்ன பேசுதா? நல்லா படிக்காளா?” என்று கேட்டாள். “தங்கமான பிள்ளை” என்றேன். பொய் இல்லை, பதிலும் இல்லை. அப்பா கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிறார். நாளைக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பார்களா? உயிரை விடுகிற மாதிரி தப்பான நினைப்பு ஏதாவது வருகிறதா என்று பெண்ணிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இல்லை என்றாள். அப்படி வந்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கை மீறி வீட்டில் சொல்லிவிடுவேன் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தேன். அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்குள் அவளே அம்மாவிடம் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன் என்று ஏற்பாடு. இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டாள். நீ இதே பிழைப்பைப் பிழைத்தவள். எத்தனை நாள் பொறுக்கலாம், சொல்.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த 14 பேரின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஐயர் எடுத்துக் காட்டினார். எல்லோருக்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர் இருக்கிறது. சிலர் இறந்துவிட்டார்கள். இருக்கிறவர்களில் ஒருவர், “நானா நின்னேன்?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அரிசி களையும்போதுதான் உறைத்தது, உன் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் நான். ஒரு ரோஸ் கவுன், ஒரு ஜோடி கொலுசு, அதோடு சரி. அவள் கல்யாணம் முறிந்தபோதுகூட உன்னிடம்தான் விசாரித்தேன், அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் நம்பரை அனுப்பு. முதலில் அவளிடம் கேட்டுவிட்டு அனுப்பு. வேண்டாம் என்றால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுது.

டப்பாவை நானே கொண்டுவருகிறேன்.

உன்
சைன் தீட்டா