கார்பின் விவகாரம்: பெரியப்பாவுக்கு ஒரு பதில்

ஹாரோ, லண்டன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பெரியம்மா கொடுத்தனுப்பிய மாவடு ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது.

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பாலஸ்தீனத்துக்காகப் பேசியதற்குத்தானே பிரிட்டனின் லேபர் கட்சிக்குத் தலைவராக இருந்த ஜெரமி கார்பினை அந்தக் கட்சியிலிருந்தே நீக்கினார்கள், யூத வெறுப்பு என்பதெல்லாம் சாக்குத்தானே என்று. பாதி சரி. மீதிப் பாதி நம் ஊர் பேப்பரில் வராதது. அதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

லேபர் கட்சிக்கும் யூதர்களுக்கும் நூறு வருஷ உறவு. கிழக்கு லண்டன் தையல் கூடங்களில் உழைத்த யூதத் தொழிலாளிகள் இடதுசாரிப் பக்கம்தான் நின்றார்கள். இன்று யூத லேபர் இயக்கம் என்கிறார்களே, அது 1920லேயே கட்சியோடு இணைந்த அமைப்பு. 1936 அக்டோபர் 4ஆம் தேதி மோஸ்லியின் கருஞ்சட்டைக்காரர்கள் கேபிள் தெரு வழியாக ஊர்வலம் போகப் பார்த்தபோது யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகளும் கம்யூனிஸ்ட்டுகளும் சேர்ந்து வழிமறித்தார்கள். (இங்கே கருஞ்சட்டை என்றால் ஃபாசிஸ்ட். நம் ஊர் அர்த்தத்தில் படித்துவிடாதீர்கள்.)

அப்பேர்ப்பட்ட கட்சிக்குள் யூத வெறுப்பு எப்படி நுழைந்தது? வலதுசாரியின் யூத வெறுப்பு ரத்தம், இனம் என்று பேசும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இடதுசாரிக்குள் வருவது பணக்காரனை எதிர்க்கும் பேச்சில் ஏறிக்கொண்டு வரும். வங்கி, பத்திரிகை, போர் எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஒரு சிறு கும்பல் ஆட்டிவைக்கிறது என்பார்கள். அந்தக் கும்பலுக்கு ரோத்ஸ்சைல்டு என்று ஒரு யூத வங்கிக் குடும்பத்தின் பெயரை வைப்பார்கள். ஹாப்சனை உங்களுக்குத் தெரியும், லெனின் ஏகாதிபத்தியம் பற்றி எழுதும்போது எடுத்தாண்டவர். அந்த ஹாப்சனே 1902இல் எழுதிய புத்தகத்தில், ஐரோப்பாவின் நிதி மூலதனம் தனித்தன்மையுள்ள ஒரே இனத்தாரின் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதன் 2011 பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் கார்பின். முன்னுரையில் அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் யூத வெறுப்பாளர் என்பதற்கு இது சாட்சி என்று நான் சொல்லவில்லை. அந்த வரி அவர் கண்ணில் உறுத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் விவகாரம் முழுக்க இந்த உறுத்தாமைதான்.

2012இல் கிழக்கு லண்டனில் ஒரு சுவர் ஓவியம் வரைந்தார்கள். சில கிழட்டுப் பணக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். குனிந்து கிடக்கும் மனிதர்களின் நிர்வாண முதுகுகள்தான் அந்த மேஜைக்குக் கால். முதலாளித்துவ எதிர்ப்புப் படம் என்று யாரும் நினைப்பார்கள். இன்னொரு தரம் பார்த்தால் சிலருடைய மூக்கு, முகவெட்டு எல்லாம் நாஜிக் கார்ட்டூன்களில் யூதனை வரைந்த அதே வார்ப்பு. உள்ளூர் நிர்வாகம் அழிக்கச் சொன்னது. ஓவியர் ஃபேஸ்புக்கில் முறையிட, ‘ஏன் அழிக்க வேண்டும்?’ என்கிற தொனியில் கார்பின் ஆதரவாகப் பின்னூட்டம் போட்டார். அது 2018 மார்ச்சில் வெளியே வந்தது. படத்தை உற்றுப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று வருத்தம் தெரிவித்தார். மார்ச் 26 அன்று யூத அமைப்புகள் நாடாளுமன்றத்துக்கு எதிரே ‘போதும், போதும்’ என்று கூடின. ஒரு கட்சிக்கு எதிராக யூத சமூகம் தெருவுக்கு வருவது இங்கே சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

அதற்கு முன்பே கென் லிவிங்ஸ்டன் இருந்தார், லண்டனின் பழைய மேயர். 2016 ஏப்ரலில் வானொலியில், ஹிட்லர் 1932 தேர்தலில் ஜெயித்தபோது யூதர்களை இஸ்ரேலுக்கு அனுப்பத்தான் நினைத்தார், சியோனிசத்தை (யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு நாடு வேண்டும் என்ற இயக்கத்தை) ஆதரித்தார் என்றார். 1932இல் ஹிட்லர் ஆட்சிக்கு வரவில்லை, இஸ்ரேல் என்ற நாடும் கிடையாது. 1933இல் யூதர்கள் தங்கள் சொத்தில் ஒரு பகுதியோடு பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர வழிசெய்து நாஜி அரசோடு ஓர் ஒப்பந்தம் நடந்தது உண்மைதான். உயிர் தப்ப ஓடியவர்களுக்காக வேறு வழியில்லாமல் செய்துகொண்டதை ஹிட்லரோடு கூட்டு என்று திரித்தார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, பிறகு நீட்டித்தது, ஆனால் நீக்கவில்லை. 2018 மே மாதம் அவராகவே ராஜினாமா செய்தார். ஒரு புகாரை முடிக்க இரண்டு வருஷம்!

கட்சி உண்மையில் கோட்டைவிட்ட இடம் இந்தப் புகார் இயந்திரம்தான் என்பது என் கணிப்பு. ஓர் உறுப்பினர் மீது புகார் வந்தால் தலைமையக ஊழியர் முதலில் பார்ப்பார். விசாரணை தேவை என்றால் நோட்டீஸ் போகும். பிறகு தேசிய செயற்குழுவின் தகராறுக் குழு. நீக்க வேண்டும் என்றால் அதற்கும் மேலே தனியாக ஒரு சாசனக் குழு. 2019 செப்டம்பரில் விதியை மாற்றும்வரை பொதுவாக அந்தக் கடைசிக் குழுவிடம்தான் நீக்கும் அதிகாரம். பொதுச்செயலாளர் 2019 பிப்ரவரியில் கொடுத்த கணக்கு: பத்து மாதத்தில் உறுப்பினர்கள் மீது 673 புகார், நீக்கப்பட்டவர்கள் 12 பேர். கார்பின் ஆட்கள் இதையே வைத்து, ஐந்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர் உள்ள கட்சியில் இது 0.1 சதவீதம்தானே என்று கேட்டார்கள். கணக்கு சரி. ஆனால் சட்டம் சதவீதம் கேட்பதில்லை. வந்த புகாரை என்ன செய்தாய் என்றுதான் கேட்கும்.

அதைக் கேட்டது சமத்துவ, மனித உரிமை ஆணையம். 2019 மே மாதம் விசாரணை தொடங்கி, 2020 அக்டோபர் 29 அன்று 130 பக்க அறிக்கை கொடுத்தது. 70 புகார்க் கோப்புகளை எடுத்துப் படித்தார்கள். 2010 சமத்துவச் சட்டத்தைக் கட்சி மூன்று வகையில் மீறியது என்பது முடிவு: விசாரணையில் அரசியல் தலையீடு, விசாரிப்பவர்களுக்குப் போதுமான பயிற்சி கொடுக்காதது, கட்சியின் பிரதிநிதிகள் செய்த துன்புறுத்தல். தலையீட்டுக்கு மட்டும் 23 நிகழ்வுகள். அதில் ஒன்று அந்தச் சுவர் ஓவியம். கார்பின் மீது வந்த புகாரைத் தள்ளுபடி செய்வதில் கார்பின் அலுவலக ஆட்களே தலையிட்டிருக்கிறார்கள். உங்கள் மாவட்டக் குழுவில் செயலாளர் மீதான புகாரைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் வைத்து முடித்தால் விடுவீர்களா?

இன்னும் இரண்டு சில்லறை விஷயம், ஆனால் அவைதான் கட்சியை மாட்டிவிட்டவை. யூத வெறுப்புப் புகார் வரும் மின்னஞ்சல் பெட்டியைச் சில வருஷங்கள் பெரும்பாலும் யாரும் திறந்தே பார்க்கவில்லை. இரண்டாவது, மோசமான பதிவை ஒருவர் தன் கருத்து எதுவும் எழுதாமல் ‘லைக்’ போட்டாலோ பகிர்ந்தாலோ விசாரிப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புகார்களில் பெரும்பகுதி சமூக வலைத்தளத்தைப் பற்றியது என்னும்போது, வாசல் கதவையே கழற்றி வைத்தது போலத்தான்.

வரையறைச் சண்டை ஒன்றும் நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். எது யூத வெறுப்பு என்பதற்கு, சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) நினைவேந்தல் கூட்டமைப்பு 2016இல் ஏற்ற வரையறை, அதோடு 11 உதாரணங்கள். மற்ற எந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல் இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. லேபர் 2018 ஜூலையில் சில உதாரணங்களை வெட்டித் திருத்தி ஏற்றது. மூன்று யூதப் பத்திரிகைகள் ஒரே முதல் பக்கத்தை அச்சடித்துக் கண்டித்தன. செப்டம்பரில் 11ஐயும் ஏற்க வேண்டியதாயிற்று. இதில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு: வரையறையை எழுதுவதில் முன்னின்ற கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைப் பயன்படுத்துவதைப் பின்னால் எதிர்த்தார்.

தேர்தலில் இது தெரிந்ததா என்றால், பார்னெட்டைப் பாருங்கள். யூதர்கள் அதிகம் வசிக்கும் வட லண்டன் பகுதி. 2018 மே உள்ளாட்சித் தேர்தலில் லேபர் பிடித்துவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கன்சர்வேடிவ் 38, லேபர் 25 என்று முடிந்தது. கார்பின் போய் கெய்ர் ஸ்டார்மர் கட்சித் தலைவராக வந்தபின் 2022இல் லேபர் 41 இடத்தோடு பெரும்பான்மை பிடித்தது, அந்தக் கவுன்சில் உருவான பிறகு முதல் முறையாக. 2019 பொதுத்தேர்தல் தோல்விக்கு மட்டும் இதைக் காரணம் காட்டாதீர்கள், அங்கே பிரெக்ஸிட்தான் பிரதானம்.

இப்போது உங்கள் பாதிக்கு வருகிறேன். அறிக்கை வந்த அன்றே கார்பின், பிரச்சினையின் அளவை அரசியல் காரணத்துக்காக எதிரிகளும் ஊடகமும் மிகைப்படுத்தினார்கள் என்று அறிக்கை விட்டார். அன்றே இடைநீக்கம். நவம்பர் 17 அன்று செயற்குழுவின் ஒரு குழு திரும்பச் சேர்த்தது. மறுநாளே ஸ்டார்மர் அவரை நாடாளுமன்றக் கட்சியில் சேர்க்க மறுத்தார். ஆனால் அதே ஆணைய அறிக்கை, கட்சிக்குள் யூத வெறுப்பின் அளவு பற்றி உறுப்பினர் தன் அனுபவத்தை வைத்துச் சட்டத்துக்குள் கருத்துச் சொல்வதற்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. கார்பின் சொன்னது அந்த வேளையில் சொல்லத் தகாத பேச்சு. நீக்கத்தகுந்த குற்றமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 ஜூலையில் வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டு கட்சிக்காக எழுதிய அறிக்கை வெளிவந்தது. இரண்டு கோஷ்டியும் யூத வெறுப்புப் பிரச்சினையை ஆயுதமாக்கின என்று அதில் எழுதியிருக்கிறார். கோஷ்டி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் கார்பின் சுயேச்சையாக நிற்கப்போகிறேன் என்றதும் உறுப்பினர் பதவி போயிற்று. தன் பழைய தொகுதியான இஸ்லிங்டன் வடக்கில் ஜெயித்தும் விட்டார்.

கடைசியாக, காஸா கூட்டத்துக்கு அடிக்கப்போகும் துண்டறிக்கையைப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்களே. மூன்று இடத்தில் கை வையுங்கள். இரண்டாம் பத்தியில் ‘யூதர்கள் குண்டு வீசுகிறார்கள்’ என்பதை ‘இஸ்ரேல் ராணுவம்’ என்று மாற்றுங்கள். அந்தக் குண்டுவீச்சை எதிர்த்து லண்டன் ஊர்வலங்களில் யூதர்களும் நடக்கிறார்கள். உலக உருண்டையை ஆக்டோபஸ் பிடித்திருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். நாஜிகள் யூதரைக் காட்ட வரைந்த படமே அதுதான், வரைந்த தம்பிக்குத் தெரிந்திருக்காது. ஆறுமுனை நட்சத்திரத்துக்குள் ஸ்வஸ்திகா வேண்டவே வேண்டாம். குண்டுவீச்சு, முற்றுகை, பட்டினி பற்றி எழுதியிருக்கும் வரிகளில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம், அப்படியே போகட்டும். அச்சுக்குப் போகுமுன் இந்தக் கடிதம் கைக்கு வராவிட்டால் என்ற பயத்தில், படத்தைப் பற்றி மட்டும் தம்பிக்கு வாட்ஸப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன் முறை,
செந்தில்