நிருபமாக்களின் அனுபவம் நமக்கு வேண்டும்

தமிழ்நாடு டென்னிஸ் சங்க நிர்வாகிகளுக்கும் அகில இந்திய டென்னிஸ் சங்கச் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். ஓய்வு பெற்ற நம் டென்னிஸ் வீராங்கனைகளைப் பற்றி ஒரு கோரிக்கை. சானியா மிர்சா அளவுக்குப் பெயர் வாங்காதவர்களைப் பற்றி.

நிருபமா வைத்தியநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர், அவர்தான் மகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடலாம் என்ற ஓப்பன் காலம் 1968-இல் தொடங்கிய பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் இந்தியப் பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. (அமெச்சூர் காலத்தில், 1934-லேயே, லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார். அவர் பெயரையும் இன்று யாரும் சொல்லக் காணோம்.) சானியா அதே மெல்பர்னில் மூன்றாம் சுற்று வரை போனது ஏழு வருடம் கழித்து, 2005-இல். நிருபமாவுக்கு அதே 1998-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் ஆடினார்.

அவருடைய மிக உயர்ந்த உலகத் தரவரிசை 134. முதல் நூறுக்குள் வரவில்லை என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நம் நாட்டு ஒற்றையர் வீராங்கனைகளில் சானியா 27-ஆம் இடம் வரை போனார். அங்கிதா ரெய்னா எத்தனையோ வருடம் உழைத்து எட்டியது 160. அப்படியானால் 134 என்பது எவ்வளவு பெரிய உயரம்!

அந்த உயரத்துக்குப் போகும் வழி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைய கணக்கில், பெண்களுக்கான சர்வதேசத் தொழில்முறைப் போட்டிகளில் அடிமட்டம் டபிள்யூ15 என்பது. மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,352 டாலரும் 15 தரவரிசைப் புள்ளிகளும். முதல் சுற்றில் தோற்றால் 147 டாலர், புள்ளி கிடையாது. விமான டிக்கெட், விசா, ஓட்டல் அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றும் செலவு எல்லாவற்றையும் பார்த்தால், ஜெயித்த வாரத்தில்கூடக் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தகுதிச் சுற்றிலேயே தோற்றால் அதுவும் இல்லை. ஆண்களில் முதல் 250 இடங்களில் இருப்பவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி என்று, ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி 2024-இல் திட்டமே கொண்டுவந்தது. டபிள்யூ15 ஆடும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அப்பாவின் சேமிப்புதான் உறுதி.

பணத்தைவிடக் கஷ்டமான ஒன்று உண்டு. தனிமை. இந்திய அணியாகப் போகும்போது கேப்டன், பயிற்சியாளர் எல்லாம் உடன் இருப்பார்கள். வருடத்தின் மற்ற வாரங்களில் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் மொழி தெரியாத ஊரில் தனியாகவோ அம்மாவுடனோ இருப்பாள். எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, எதில் இருந்து விலகுவது, காயத்தோடு ஆடலாமா, மூன்று வாரம் தொடர்ந்து முதல் சுற்றில் தோற்றால் ஊருக்குத் திரும்புவதா நாலாவது ஊருக்கு ரயில் ஏறுவதா? இதை அகாடமியில் சொல்லித்தர முடியாது. அந்த வாரங்களை வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 200, 300, 500 என்று தரவரிசையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் ஃபெட் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியவர்கள். நிருபமா கலிஃபோர்னியாவில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அந்தக் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அதே அனுபவம் கோவையிலும் சேலத்திலும் மதுரையிலும் ராக்கெட் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா? கோவையின் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில், பதினைந்து வயதில், பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ-வின் 125 நிலைப் போட்டியில், மும்பையில், அரையிறுதி வரை வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பல பிள்ளைகள் வரப்போகிறார்கள்.

நான் கேட்பது இதுதான். ஓய்வு பெற்ற வீராங்கனைகளைப் பயணப் பயிற்சியாளர்களாகச் சம்பளம் கொடுத்து நியமியுங்கள். பாராட்டு விழாவும் பொன்னாடையும் போதாது. நாலைந்து இளம் பெண்களுக்கு ஒருவர் என்று, வெளிநாட்டு டபிள்யூ15, அதற்கு அடுத்த படியான டபிள்யூ35 போட்டிகளுக்கு அவர்கள் கூடவே போகட்டும். வெளிநாட்டில் வசிப்பவர்கள் தொலைபேசியிலாவது வழிகாட்டலாம், அதற்கும் ஊதியம் கொடுங்கள். 125-ஐவிடப் பெரிய டபிள்யூடிஏ 250 போட்டி ஒன்றைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடத்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். முதலில் யார் யாரை அழைக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்கள் ஆடிய காலத்துப் பதிவேடுகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்குமே.

இப்படிக்கு,
பெண்கள் டென்னிஸைப் பல வருடங்களாகப் பின்தொடரும் ஒரு கோவை வாசகர்