வாசித்தவரின் பேரும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் அமெரிக்கப் பாடகர் ரொனி பெனற் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அவருக்குப் பக்கத்தில் பியானோவில் இருந்த ரால்ஃப் ஷரோனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

ஷரோன் லண்டனில் பிறந்து 1953 இல் அமெரிக்கா போன ஜாஸ் பியானோக்காரர். 1957 இல் பெனற்றோடு சேர்ந்தார். ஒரே மாதிரி உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தால் கனகாலம் நிற்க முடியாது என்று சொல்லி அவரை ஜாஸ் பக்கம் இழுத்தது இவர்தான். பிறகு கவுண்ட் பேசி என்ற ஜாஸ் இசைக்குழுத் தலைவரின் பெரிய குழுவோடு பெனற் பாடியபோது, அந்தத் தலைவரே பேர்பெற்ற பியானோக்காரராக இருந்தும், பெரும்பாலான பாட்டுகளுக்குப் பியானோவில் இருந்தவர் ஷரோன். பாடுபவருக்கு மூச்சு எங்கே முறியும் என்று தெரிந்த கை அது, வேறு யாரை இருத்துவது!

நீங்கள் கட்டுரையில் எழுதிய, பெனற்றின் பேர்பெற்ற 'I Left My Heart in San Francisco' என்ற பாட்டும் ஷரோனின் கையால் வந்ததுதான். இரண்டு நண்பர்கள் எழுதிக் கொடுத்த தாளை அவர் சட்டை வைக்கும் லாச்சிக்குள் போட்டு மறந்துவிட்டார். 1961 இல் பயணத்துக்குச் சட்டை அடுக்கும்போது கண்ணில் பட, எடுத்துக்கொண்டு போய் ஒரு ஹோட்டலில் பெனற்றுக்கு வாசித்துக் காட்டினார். 1962 இல் அது இசைத்தட்டாக வந்தது, மற்றது உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கோயில் திருவிழா மேடைகளில் பாடுகிறவள். எங்கள் குழுவில் ஓர்கன் வாசிக்கும் அண்ணா இல்லாவிட்டால் நான் எத்தனையோ தரம் மேடையில் அழுதிருப்பேன். போன வருசம் ஒரு கோயிலில் எனக்குத் தொண்டை கட்டி, சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, முதல் பாட்டில் நான் மேலே போகத் திணறியதைக் கவனித்துவிட்டு அடுத்த பாட்டை அரைக்கட்டை இறக்கித் தொடங்கினார். அன்றைக்கே இன்னொரு பாட்டில் இடையிசை முடிய முதலே நான் அவசரப்பட்டு இரண்டாம் சரணத்துக்குள் போய்விட்டேன். அவரின் வலக்கை அப்படியே நின்றது, இடக்கை மட்டும் என்னோடு வந்தது, தபேலாக்காரர் அந்தக் கையைப் பார்த்து ஒரு தட்டில் வந்து சேர்ந்தார். சனத்துக்கு ஒன்றும் தெரியாது. இறங்கி வர எல்லோரும் கையைப் பிடித்துப் பாராட்டியது என்னைத்தான், அவர் ஒரு பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டு நின்றார்.

அந்தத் திருவிழா நோட்டீசில் என் படம் இருந்தது, அவரின் பேர் இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வன்னியில் நடக்கும் கச்சேரிகளைப் பற்றிச் செய்தி போடும்போது பாடியவர்களின் பேரோடு வாசித்தவர்களின் பேரையும் கேட்டு எழுதும்படி நிருபர்களுக்குச் சொல்லுங்கள். திருவிழா உபயகாரரும் நோட்டீசில் ஒரு வரி கூட்டிப் போடலாம், அதற்குப் பெரிய காசு வராது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது, அந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டு மேடை இருக்கிறது. முதல் மேடைக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போக முதல் நானே அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஓர்கன் என்று போட்டு அண்ணாவின் பேர் என் பேருக்கு நேர் கீழே இருக்கிறது, இனிசல்கூடப் பிழையில்லை.

இப்படிக்கு,
மேடைப் பாடகி ஒருத்தி,
புதுக்குடியிருப்பு.