ஓராண்டுக் குத்தகையும் கொறங்காடும்: வெளியூரில் வாழும் பட்டாதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், க.பரமத்தி வட்டாரங்களில் கொறங்காடு வைத்திருந்து, இப்போது திருப்பூரிலோ கோவையிலோ பெங்களூரிலோ குடியிருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். இதை அரசுக்கு எழுதியிருக்கலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கொறங்காடு புறம்போக்கும் அல்ல, வனத்துறை நிலமும் அல்ல; தலைமுறைகளாகத் தனியார் பட்டாவில் இருந்துவரும் மேய்ச்சல் நிலம். அதில் எத்தனை உருப்படி மேயலாம், எந்தக் காடு எப்போது ஆற வேண்டும், எந்த மரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் நாம்தான். ஆகவே கேட்க வேண்டியதையும் நம்மிடமே கேட்கிறேன். அது ஒன்றே ஒன்று: கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

கொறங்காடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த நிலம் நாளை யார் கைக்குப் போகுமோ அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது வெறும் முள்வேலி போட்ட தரிசாகத்தான் தெரிகிறது. ஆண்டுக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை பெய்யும் சரளை மண்ணில், அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும் ஊரில், கிணற்றை நம்பாமல் கால்நடை வளர்ப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி இது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மழை முடிந்தபின் புல்லும், புல்லோடு சேர்ந்து முளைக்கும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் மாட்டுக்கு ஆகும். புல் காய்ந்துபோன கோடையில் வேலங்காய் பழுத்து உதிரும். இருக்கும் நிலத்தை மூன்று நான்கு காடுகளாகப் பிரித்துக் கடவு (வேலியில் திறந்து மூடும் வழி) வைத்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றவற்றை ஆறவிடுவார்கள். மாட்டை முதலில் விட்டு, அது மேய்ந்து தீர்ந்த பிறகே செம்மறியை விடுவார்கள். மாடு நாக்கால் வளைத்து மேலாகப் பறிக்கும். செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். இந்த வரிசை தலைகீழானால் புல்லின் தூர் தாங்காது.

நான் இதை எட்ட நின்று பேசவில்லை. என் தந்தை காலமான பிறகு, திருப்பூரில் இருந்துகொண்டே மூலனூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பத்து ஏக்கரைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருவராக, அதிகம் கேட்டவருக்கு விட்டேன். பணம் தவறாமல் வந்தது. நான்காம் ஆண்டு முடிவில் போய்ப் பார்த்தபோது, புல் இருந்த இடத்தில் ஆவாரையும் எருக்கும் நின்றன. ஆடுமாடுகள் தொடாத செடிகள் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த நிலத்தில் என்ன நடந்தது என்று வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

குத்தகைக்காரரை இதில் குறை சொல்ல மாட்டேன். அடுத்த சித்திரையில் இந்தக் காடு தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், விதை உதிரட்டும் என்று ஒன்றரை மாதம் மேய்ச்சலை நிறுத்தி வைப்பாரா? கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கம் உண்டு. உதிர்ந்த உடனே நன்றாக முளைக்காது, சில மாதங்கள் கடந்த பிறகே முளைப்பு கூடும். அதாவது இந்த மழைக்கு விதை கட்டவிட்டால் பலன் அடுத்த மழைக்குத்தான், அதை அனுபவிக்கிறவரும் அடுத்த குத்தகைக்காரர்தான். வேலங்கன்றின் கதையும் அதுவே. வேலங்காயைத் தின்ற ஆட்டின் சாணத்தோடு விழும் விதைதான் நன்றாக முளைக்கிறது. ஆனால் முளைத்த கன்றை ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை, சில ஆண்டுகள், முள் வைத்துக் காக்க வேண்டும். ஓராண்டு மட்டும் இருக்கப் போகிறவருக்கு அந்தக் கன்றால் ஒரு பயனும் இல்லை. நம் காடுகளில் வயதான வேல மரங்கள் நிற்க, இளங்கன்றுகளே காணப்படாததற்கு மழைக்குறைவை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 300 கிலோ எடையுள்ள ஒரு பசு நாளொன்றுக்குத் தன் எடையில் இரண்டரை விழுக்காடு, அதாவது ஏழரைக் கிலோ உலர்தீவனம் தின்னும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. நல்ல மழை பெய்த ஆண்டில் ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த புல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத் தூரும் வேரும் பிழைப்பதற்காக நிலத்துக்கே விட்டுவிட வேண்டும். அப்படியானால் புல்லை மட்டும் நம்பினால் ஒரு பசுவுக்கு ஐந்து ஏக்கருக்கு மேல் வேண்டும். வேலங்காயும் கோடையில் சோளத்தட்டும் சேர்த்தால் மூன்று, மூன்றரை ஏக்கரில் சமாளிக்கலாம். பத்து ஏக்கருக்கு மூன்று பசுக்கள், அல்லது அதற்கு ஈடாகப் பதினைந்து பதினாறு செம்மறிகள். என் காட்டில் கடைசி ஆண்டு மேய்ந்தவை அறுபது செம்மறிகள். எண்ணிக்கையைப் பற்றி நான் குத்தகைக்காரரிடம் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. தொகையைப் பற்றி மட்டுமே பேசினேன்.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளுவை தானாக அடர்ந்து நிற்காது. மழைக்கு முன்பே சந்து விழுந்த இடங்களில் போத்து (வெட்டிய கிளை) நட வேண்டும், கவாத்து செய்ய வேண்டும், வெட்டிய கழியை அடியில் அடைக்க வேண்டும். இப்போதெல்லாம் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அந்தக் கூலியை ஓராண்டுக்காரர் தருவதில்லை, நாமும் தருவதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டு உழவர்கள் போராடியதும் செய்தியாக உங்களுக்கும் வந்திருக்கும். நாய்களைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றில் சில, நம் பொத்தல் வேலி வழியாகவும் நுழைந்திருக்கலாம்.

ஆண்டுக் குத்தகையை நாம் ஏன் விரும்புகிறோம் என்பது எனக்குத் தெரியும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதில் செலவும் அலைச்சலும் உண்டு. அதைவிடப் பெரியது அச்சம். 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் எச்சரித்தே வளர்த்திருக்கிறார்கள். மேய்ச்சல் உரிமைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் அமர்ந்து கேட்டு, அதற்கேற்ப ஆவணம் எழுதிக்கொள்வதே முறை. கேட்காமலே பயந்துகொண்டு, வாய்மொழியாக ஆண்டுதோறும் ஆளை மாற்றிக்கொண்டிருப்பதால் நிலம் நம் பெயரில் இருக்கிறது, புல் மட்டும் போய்விடுகிறது.

நான் இப்போது ஐந்தாண்டுக் குத்தகைக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். தொகை முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மாடும் ஆடும் சேர்த்து எத்தனை உருப்படி என்பது எழுதப்பட்டிருக்கிறது. மழை பொய்த்தால் அந்த எண்ணிக்கையும் குறையும், தொகையும் குறையும். ஐப்பசி மழைக்குப் பின் புல் விதை கட்டி உதிரும்வரை ஒரு காடாவது சும்மா கிடக்க வேண்டும். வேலிச் செலவு பாதிக்குப் பாதி. உயிரோடு நிற்கும் வேல மரத்தை இருவரில் யாரும் விறகுக்கு விற்பதில்லை. சீமைக்கருவேலம் தலைகாட்டினால் வேரோடு பிடுங்குவது குத்தகைக்காரர் பொறுப்பு. இரண்டு மழை பார்த்துவிட்டோம். வடக்குக் காட்டில் புல் திரும்பிவிட்டது, தெற்குக் காட்டில் இன்னும் ஆவாரையே ஆட்சி செய்கிறது. அதை உழுது, சோளமும் கொள்ளும் ஒரு போகம் விதைத்து, பிறகு புல் விதை தூவலாம் என்று அவர் சொல்கிறார். அப்படிச் சொல்லும் ஒருவர் கிடைத்ததே ஐந்தாண்டு என்று எழுதியதால்தான்.

சூரிய மின் நிறுவனங்கள் நீண்ட காலத்துக்கு நிலம் கேட்டு வருவதையும் அறிவேன். கடன் உள்ளவரிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்துக்கு அத்தனை ஆண்டுகள் எழுதிக் கொடுக்கத் துணிகிற நாம், பக்கத்து ஊர் மாட்டுக்காரருக்கு ஐந்தாண்டு எழுதிக் கொடுக்க அஞ்சுவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. 2017 தை மாதத்தில் காளைகளுக்காக நாம் தெருவுக்கு வந்தோம். செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாகும் (சாம்பல் நிறமாகும்) காங்கேயம் கன்று மேய்ந்து வளரும் இடம் இந்தக் காடுதான். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. நம் இட்டேரிகளில் (வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டித்தடங்களில்) அந்தச் செய்தி யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் குத்தகை முடியும் நாள் எதுவானாலும், அதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து காட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வேலியில் எத்தனை சந்து, வேலங்கன்று ஒன்றாவது இருக்கிறதா, காலடியில் புல்லா ஆவாரையா என்று பார்த்துவிட்டு, இப்போது மேய்ப்பவரையே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். என் ஆவணத்தின் நகல் வேண்டுமென்பவர்களுக்குத் தரத் தடையில்லை.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டுக்காரன் ஒருவன்