அரையாண்டு முடிந்த கையோடு பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. அறிவியல் கண்காட்சியிலும் விளையாட்டு விழாவிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். கபடி அணியும் பேச்சுப் போட்டிக்குப் போனவர்களும் பரிசோடு திரும்பினார்கள். எல்லாருக்கும் வாழ்த்துகள். பொங்கல் விழா வழக்கம்போல பள்ளி மைதானத்தில்தான்.

இனி, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவுப் பெற்றோர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர்களும் படித்துவைப்பது நல்லது.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் நான்கு பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு லீவு கேட்டு வந்தார்கள். என்ன விஷயம் என்றால், "இன்ஜினியரிங் காலேஜ் பார்க்கப் போறோம் சார்" என்றார்கள். சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் புரோக்கரே வண்டி வைத்துக் கூட்டிப்போகிறாராம். அவர்களில் ஒரு அம்மா கம்மலை அடகு வைத்து ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். அதில் கல்லூரியின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பையன் இன்னும் பொதுத்தேர்வே எழுதவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் பலவற்றில் இந்தப் பிள்ளைதான் முதல் இன்ஜினியர். "இப்போ விட்டா சீட் கிடைக்காது" என்று ஒருவர் சொன்னால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் இருக்கின்றன.

நாம் இருக்கும் மகாராஷ்டிராவில் பொறியியல் இடங்களில் பெரும்பகுதி, எம்.எச்.டி. சி.இ.டி. என்ற மாநில நுழைவுத்தேர்வின் பர்சன்டைலை (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைத் தாண்டினார் என்ற கணக்கை) வைத்து, அரசு நடத்தும் கேப் கலந்தாய்வில்தான் நிரம்புகிறது. அந்தத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு. அதில் 100 கணக்குக்கே. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதற்காகப் பொதுத்தேர்வை விட்டுவிடவும் முடியாது. பொதுப்பிரிவினர் அதில் முக்கியப் பாடங்களில் 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். இடையில் யாரும் காசு வாங்கிக்கொண்டு கேப் இடத்தைத் தர முடியாது.

இதைவிட முக்கியம் உதவித்தொகை. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, மகாராஷ்டிர டோமிசைல் (இருப்பிட) சான்றிதழும் இருந்தால், பொதுப்பிரிவுப் பிள்ளைக்கும் கல்லூரியின் டியூஷன் கட்டணத்தில் பாதியை அரசு தருகிறது. தகுதியுள்ள பெண் பிள்ளைகளுக்கு 2024-25 முதல் முழுவதையும் தருகிறது. இது போக, 5 சதவீதம் வரை டியூஷன் கட்டணமே இல்லாத கூடுதல் இடங்களும் உண்டு. இவையெல்லாம் கேப் வழியாகச் சேர்ந்தால்தான். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் நம் மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. அவள் பர்சன்டைலுக்கு கேப்பிலேயே அதே மாதிரி கல்லூரி கிடைத்திருக்கும். அவள் அப்பா இன்றைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்பே தெரியாமல் போனதே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டில் நம் ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்து இங்கே இடஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். முதலில் வந்து கேளுங்கள்.

ஊரிலேயே படிக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கும் புரோக்கர் தேவையில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து, கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்கு கட்ஆஃப் போடுகிறார்கள். பூர்வீகம் தமிழ்நாடு என்றால், வெளிமாநிலத்தில் படித்த பிள்ளையும் நேட்டிவிட்டி சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம்.

சரி, நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தையும் ஏசி அறையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என்.பி.ஏ. என்ற தேசிய தர மதிப்பீட்டு வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். விளம்பரப் பலகையில் போடுவது ஒரே ஒரு மாணவனின் சம்பளம். நமக்கு வேண்டியது நடுவில் இருப்பவனின் சம்பளம். அப்புறம், சாதாரண வேலைநாளில் போய் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். லேப் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை எழுதி வாங்குங்கள்.

மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது, 1887-இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரி. நம்மில் பலர் தினமும் அந்தப் பக்கம்தான் போய்வருகிறோம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு கிடைப்பது மிகக் கடினம். ஆனால் சிவில், டெக்ஸ்டைல், புரொடக்‌ஷன் என்று வேறு பிரிவுகளும் உண்டு. பெயர் தெரியாத கல்லூரியில் லட்சக்கணக்கில் கொடுத்து கம்ப்யூட்டர் படிப்பதைவிட இது நல்லது என்பது என் கருத்து.

இப்போது கண்டிப்பாகச் சில வார்த்தைகள். பொதுத்தேர்வு முடியும்வரை கல்லூரி பார்க்க லீவு கிடையாது. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளின் போன் நம்பர் வாங்குபவர்களைக் காவலாளி அனுப்பிவிடுவார். நம் வாட்ஸப் குழுவிலிருந்தே நம்பர்கள் வெளியே போயிருக்கின்றன. கமிஷனுக்காக இதைச் செய்தவர் இன்றே நிறுத்த வேண்டும். தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். கல்லூரியில் முறையாகக் கட்டிய கட்டணத்தை, வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. புரோக்கர் கையில் கொடுத்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தாமதிக்காதீர்கள்.

நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து டீ போட்டுக் கொடுக்கிற உங்களை நான் அறிவேன். கூட்டம் என்றால் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நூலகத்தில் சந்திப்போம். வி.ஜே.டி.ஐ.யில் படிக்கும் நம் பழைய மாணவர்கள் இருவர் வருகிறார்கள். ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். டோமிசைல் விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
மும்பை