பேரனின் கைகளைப் பற்றி

பாபநாசம்

அன்புள்ள மகளுக்கு,

பார்வையில்லாத நம் குழந்தையைப் பற்றி நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. "மூளையில பார்வைக்குன்னு அவ்வளவு பெரிய இடம் இருக்காமேம்மா, இவனுக்கு அது சும்மாவே கிடக்குமா?" என்றாய். சும்மா கிடக்காதுடி. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பிரெயில், அதுதான் மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் எழுத்து, சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இடம் பின்னந்தலையில் இருக்கிறது. சின்ன வயதிலேயே பார்வை போனவர்கள் பிரெயில் படிக்கும்போது மூளையைப் படம் பிடித்து 1996-இல் ஒரு ஆய்வு வந்தது. கண்ணுக்கென்று இருந்த அந்தப் பகுதி, விரல் புள்ளிகளைத் தடவும்போது வேலை செய்தது. சரி, ஏதோ கூடவே துடிக்கிறது, படிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கலாம். அடுத்த வருடமே அதற்கும் பதில் கிடைத்தது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து அந்தப் பகுதியைக் கொஞ்ச நேரம் குழப்பினார்கள். பார்வையில்லாதவர்கள் எழுத்தைத் தப்புத்தப்பாகப் படித்தார்கள். பார்வையுள்ளவர்கள் மேடான எழுத்தைத் தடவிப் படித்தபோது அப்படி ஆகவில்லை.

2000-இல் வெளியான ஒரு பெண்மணியின் விவரம் என்னை ரொம்ப உலுக்கியது. பிறவியிலேயே பார்வையில்லாதவர், பிரெயிலில் கெட்டிக்காரர். பக்கவாதம் வந்து பின்மூளை இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு தாளில் புள்ளி இருப்பது விரலுக்குத் தெரிந்தது, என்ன எழுத்து என்பது மட்டும் பிடிபடவில்லை. படித்ததும் என் வகுப்புப் பிள்ளைகளின் விரல்கள்தான் கண்முன் வந்தன. வலது சுட்டுவிரல் வரி முடிவை நோக்கி ஓடும். அது போய்ச் சேர்வதற்குள் இடது சுட்டுவிரல் அடுத்த வரிக்கு இறங்கி, முதல் எழுத்தைத் தொட்டபடி காத்திருக்கும். அத்தனை நாளும் அந்தப் பிள்ளைகள் பின்னந்தலையாலும்தான் படித்திருக்கிறார்கள்.

படிப்பு மட்டும் இல்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களுக்கு நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளும் வேலையிலும் அந்தப் பகுதி சேர்ந்துகொள்கிறது என்று 2011-இல் எழுதியிருந்தார்கள். அதனால் அவனோடு நிறையப் பேசு. டிவியை ஓடவிட்டு வைக்காதே. எங்கிருந்து வருகிறது, எதைத் தொட்டால் வருகிறது என்றே தெரியாத சத்தம் அவனுக்கு எதையும் சொல்லித்தராது.

"கடவுள் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணைக் கொடுப்பார், காது கூர்மையாயிடும்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதே. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில் பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்று 1999-இல் காட்டினார்கள், உண்மைதான். காது அதே காதுதான். கேட்டதை வைத்து மூளை செய்கிற வேலை கூடியிருக்கிறது, அந்த வேலை பழகப் பழகத்தான் வரும். நிலம் தரிசாகக் கிடக்காது, ஆனால் நாம் விதைக்காவிட்டால் கோரைதான் மண்டும்.

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். செருப்பைத் தரையில் அடித்து அடித்து நடப்பான். தெருவில் சந்து வந்ததும் சரியாகத் திரும்புவான். எப்படி என்று கேட்டேன். "சுவர் முடிஞ்சா சத்தம் அகலமாயிடும் டீச்சர்" என்றான். அவன் அப்பா அவனை வரப்பில் நடக்கவிட்டிருக்கிறார், சேற்றில் விழவிட்டிருக்கிறார், நாற்றுக்கட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதே வகுப்பில் வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி. யாராவது தூக்கிக்கொண்டே இருந்து வளர்த்தார்கள். ஏழு வயதிலும் புல்லைத் தொட்டால் வீரிட்டு அழுவாள், படி இறங்கப் பயப்படுவாள். மூளை அவளுக்கும் அதேதான். வேலை கொடுக்க ஆளில்லை.

உன் மாமியார், இவன் பெரியவனானதும் ஆபரேஷன் ஏதாவது வரும், அதுவரை பொறுப்போம் என்கிறாராமே. வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் இவனுக்குக் கோளாறு விழித்திரையில், இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறவிக் கண்புரை என்றால் நானே ஒரு நாளும் தாமதிக்க விடமாட்டேன். பார்வைக்கு மூளை பழகும் பருவம் ஒன்று உண்டு. பூனைக்குட்டிகளை வைத்து அதைக் கண்டுபிடித்த ஹூபலுக்கும் வீசலுக்கும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். நம் நாட்டில் பவன் சின்ஹா என்ற மூளை ஆய்வாளரின் பிரகாஷ் திட்டத்தில், வளர்ந்த பிறகு ஆபரேஷனால் பார்வை கிடைத்த பிள்ளைகள்கூடப் பார்க்கப் பழகினார்கள். ஆனால் கையால் தொட்டுத் தெரிந்த பொருளைக் கண்ணால் கண்டதும் அவர்களுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, கொஞ்ச நாள் பிடித்தது. இவனுக்கு எது எப்போது வந்தாலும் கையும் காதும் இன்றைக்கே தொடங்கட்டும்.

அப்புறம், நீ கூப்பிட்டால் அவன் சிரிக்காமல் அப்படியே அடங்கிப்போகிறான், ஒட்டுதல் இல்லை என்று வருத்தப்பட்டாய். அம்மாடி, அவன் காது கொடுத்துக் கேட்கிறான்! முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். உன் குரல் கேட்டதும் விரல்கள் விரிந்து மூடும். தூக்குவதற்கு முன் பேரைச் சொல்லித் தோளைத் தொடு. கிலுகிலுப்பையை முதலில் கையில் கொடு, பிறகு பக்கத்தில் வைத்து ஆட்டு. சத்தம் வரும் பக்கம் கை நீட்ட இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வயதை ஒட்டி ஆகும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ளாதே. பருப்பு டப்பாவில் கையை விடட்டும், இறைத்தால் கூட்டிக்கொள்ளலாம்.

குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. படித்துறையில் காலை நனைக்கட்டும், வைக்கோலில் புரளட்டும். பரிதாபப்பட்டு யாராவது பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். நீங்கள் இரண்டு பேரும் பிரெயில் கற்றுக்கொள்ள வேண்டும். ஆறே புள்ளிதான், தமிழ் எழுத்து எல்லாமே அதற்குள் வந்துவிடும். புள்ளி குத்தி எழுதும் என் பழைய பலகையும் ஊசியும் அலமாரியில்தான் இருக்கின்றன. வலமிருந்து இடமாகக் குத்தி, படிக்கத் தாளைத் திருப்ப வேண்டும், முதலில் கை குழம்பும். வருகிறபோது கெட்டித் தாள் ஒரு கட்டு வாங்கி வரச் சொல், இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை.

அன்புடன்,
அம்மா