மாமாவுக்கு, பாதி நாள் வேலை பற்றி

அன்புள்ள மாமா,

வேலை விட்டு வந்ததும் சாப்பிடாமலேயே படுத்துவிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னார். கேட்டால் குளிர் என்கிறீர்களாம். ஹட்டன் குளிர் உங்களுக்குப் புதுசா?

உங்களைப் போல் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர்களில் பலர் ஆயுசு முழுக்க இறுகிய தசையோடு நடக்கிறார்கள். அதனால் மூட்டு வலியும் அசதியும் நாற்பதுகளிலேயே வந்துவிடலாம். உங்களுக்கு 51. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு அத்தனை படி, அப்புறம் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். மாற்றுத்திறனாளிகள் பயிற்சி நிலையத்தில் தேயிலைப் பெட்டி மடிக்கும் வேலை அதற்குப் பிறகுதான். தீபாவளிக்கு முதல் நாள் உங்களைக் கூட்டிப்போக வந்தபோது பார்த்தேன்: இடது கையால் அட்டையை நெஞ்சோடு அணைத்து, வலது பெருவிரலால் மடிப்பைத் தேய்க்கிறீர்கள். நாலைந்து பெட்டிக்கு ஒரு தடவை அந்த விரலை உதறிக்கொள்கிறீர்கள்.

பாதி நாள் கேளுங்கள் என்றேன். "கேட்டா வீட்டுல இருன்னுருவாங்க" என்றீர்கள். பயம் நியாயம்தான். 15 பேருக்குக் குறையாத தனியார் வேலைத்தலங்களில் ஓய்வு வயது குறைந்தது 60 என்று இலங்கையில் 2021இல் சட்டம் வந்தது. ஆனால் அது தொழிலாளிக்கு. நீங்கள் இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே பயிலுனர். புதுப் பிள்ளைகளுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுப்பதே நீங்கள்தான், ஆனாலும் கைக்கு வருவது சம்பளமில்லை, கொடுப்பனவு. கொழுந்து பறித்த அம்மாவுக்குத் தோட்டம் சம்பளத்தில் 12 வீதம் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டியது, அவர் பங்கு 8. வேலையை விட்டு நின்றபோது சேர்விஸ் காசும் (பணிக்கொடை) வந்தது. நீங்கள் நாளைக்கு நின்றால் கையில் ஒன்றுமில்லை.

உங்கள் மேசையில் வேலை செய்யும் டவுன் சின்ட்ரோம் உள்ள அக்காவை, ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டுகிறார் என்று இடம் மாற்றிவிட்டார்களாமே. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது தாண்டினால் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம், உண்மை. ஆனால் தைராய்டு குறைவும் கண்புரையும் காது மந்தமும்கூட அவர்களுக்குச் சீக்கிரமே வரும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. முதலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள், இடம் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் வருகிறேன். (51 வயசுக்காரருக்கும் பெற்றோர் கூட்டம்!) மத்தியானம் வரை வேலை, கொடுப்பனவில் குறைப்பு இல்லாமல். அத்தோடு உங்கள் பெயரைத் தொழிலாளியாகப் பதிந்து ஈ.பி.எஃப். கட்ட வேண்டும். இந்த இரண்டையும் நானே கேட்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பத்து மணி டீயையும் கூட்டாளிகளையும் விடச் சொல்லவில்லை மாமா.

தேதி தெரிந்ததும் தம்பியிடம் சொல்லி மெசேஜ் போடச் சொல்லுங்கள். நான் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்